கூறியது கூறல்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு அக்கா கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"டேய், எனக்கு மறதி வந்துடுச்சாடா?" என்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். எட்டு வருடங்களுக்கு முன் அந்த வேலைக்கென்று ஒரு கையேடு எழுதினாள். அதில் ஒரு வரி எழுதியதாகச் சொல்கிறாள். கையேட்டில் அந்த வரி இல்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. 'எழுத மறந்தது நான்தான்' என்ற அறிக்கையில் அங்கே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துப் போடுவதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அந்த வாக்கியத்தை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள், அதுதான் சங்கடம். எங்கள் அம்மாவுக்கு ஐம்பத்தைந்தில் பக்கத்து வீட்டாரின் பெயர்கள் மறந்தன. ஐம்பத்தொன்பதில் எங்கள் பெயர்கள்.

[அடித்தது: அக்காவின் பெயர் முதலில் போயிற்று. என்னுடையது ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.]

இன்று செவ்வாய். இதை எழுதி முடிக்க எனக்கு நாளைக் காலைவரை நேரம். ஏன் இந்தக் கெடு என்பது பின்னால் வரும். வழக்கமாக நான் ஒரு வரியை அடித்தால் தடம் தெரியாமல் அடிப்பேன். இந்த முறை அடித்தவற்றை அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன். அதற்கான காரணமும் பின்னால் வரும். இரண்டு காரணங்களைப் பின்னால் தள்ளுவது மட்டமான உத்தி. தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "சர்வர் அறையின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில்—"

வேண்டாம். சர்வர் அறை என்றால் குளிர் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தொடக்கம் இரண்டு: "வேகம் என்பது ஒரு பொருளின் குணமா, அல்லது காத்திருப்பவரின் மனதில்—"

இப்படி எழுதுகிறவனை எனக்குத் தெரியும். கல்லூரியில் இலக்கிய வகுப்பில் என் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே அனுப்பப் பல வருடங்கள் ஆயின.

தொடக்கம் மூன்று:

"யாருக்கும் வித்தியாசமே தெரியாது" என்றாள் அக்கா.

இது நிற்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் சொன்னது. மருத்துவமனையில் மூன்று பழைய பெரிய கணினிகள் இருந்தன. புதிதாக மூன்று வந்திருந்தன. பழையவற்றில் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை புதியவற்றுக்கு மாற்றுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி வந்து பழையவற்றை வேறொரு கிளைக்கு ஏற்றிக்கொண்டு போகும். ஏதாவது தகராறு வருமா என்று மேலாளர் கேட்டார். அதற்கு அக்கா சொன்ன பதில்தான் அது.

'எல்லாவற்றையும்' என்றால் எவற்றை? சொல்கிறேன். ஒரு பெரிய கணினிக்குள் ஏழெட்டுச் சின்னக் கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னவற்றுக்குத் தனி உடம்பு கிடையாது. பெரியதன் உடம்பில் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டு, தாங்களும் முழுக் கணினி என்ற நினைப்பில் வேலை பார்க்கும். ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துக்கொள்ளும். ஒன்று முன்பதிவை. ஒன்று மருந்துக் கிடங்கை. ஏட்டில் இவற்றின் பெயர் மெய்நிகர் இயந்திரம். அக்கா வி.எம். என்பாள். பெரியதை ஹோஸ்ட் என்பாள். ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு வி.எம்மை அலுங்காமல் மாற்றலாம். அதற்கு மாறியதே தெரியாது.

"அதாவது ஹோஸ்ட் ஒரு வீடு. வி.எம். உள்ள இருக்கற குடித்தனம்" என்றேன் நான்.

"குடித்தனமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஒழுங்கா கேளு" என்றாள் அக்கா.

ஆனாலும் நான் வீடு என்றே எழுதப்போகிறேன். கதை என்னுடையது.

[அடித்தது: கதை என்னுடையது.]

3

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு முதல் அழைப்பு வந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைவி. அக்காவின் வாயில் அவர் 'லேப் அம்மா'.

"ஒரு ரிசல்ட் தொறக்க நாப்பது செகண்டு ஆகுதும்மா. நான் எண்ணிப் பாத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமை எவ்வளவு ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை யாரு எண்ணினா? வேகமா இருந்தா எதுக்கு எண்ணப்போறோம்?"

எட்டரைக்கு முன்பதிவு. எட்டே முக்காலுக்கு மருந்துக் கிடங்கு. ஒன்பதுக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, முழங்கையை மடக்கியபடி ஒரு வரிசை. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேலாளர் இறங்கி வந்தார்.

"யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னீங்களே மேடம். எனக்கே தெரியுது."

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"எனக்கே தெரியுதுன்னா பாத்துக்குங்க. ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியை அக்கா எண்ணத் தொடங்கினாள். பத்து மணிக்குள் பதினொரு பேர் கேட்டார்கள். பதினொன்றாவது ஆள் வாசல் காவலாளி.

புதிய கணினிகளை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அவர்கள் போட்ட இசையை இருபத்தாறு நிமிடம் கேட்டாள். பிறகு ஒரு குரல் வந்தது. தேனில் ஊறிய குரல்.

"ஸ்க்ரீன்ல எல்லாமே பச்சையா காட்டுதா மேடம்?"

"பச்சையாத்தான் காட்டுது."

"அப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லையே மேடம்."

"பிரச்சினை இல்லாமத்தான் அரை மணி நேரமா காத்திருந்து கூப்பிடறனா? உங்க குரலைக் கேக்கவா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

அக்கா போனை வைத்தாள். எறியவில்லை. அது நிறுவனத்தின் போன்.

4

கோளாறு தேடுவது துப்பறிவது போல என்று எழுத இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவளிடமே கூப்பிட்டுக் கேட்டேன். எதுக்குடா என்றாள். சும்மா என்றேன்.

"துப்பறியறதுல பொணமாவது ஒரு இடத்துல கெடக்கும். இங்க அது எழுந்து நடக்குதுடா. மெதுவா நடக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

உவமையைக் கைவிட்டேன்.

அவள் செய்தவை வரிசையாக இவை. முதலில் கம்பிகள். புது வீட்டுக்கு வரும் கம்பி சரியான வேகத்தில் பேசுகிறதா? பேசுகிறது. பிறகு வட்டு. தரவு இருக்கும் இடத்துக்குப் போய்வரத் தாமதம் ஆகிறதா? ஆகவில்லை. பிறகு நினைவகம். ஏராளமாக மிச்சம் இருந்தது. குடித்தனக்காரர்களின் உள்ளே போய் அங்கே பழைய மென்பொருள் ஏதாவது புது வீட்டோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. எப்போதோ எடுத்துவைத்து அழிக்க மறந்த பழைய நகல்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டனவா? ஒன்று இருந்தது. அழித்தாள். நாற்பது விநாடி முப்பத்தொன்பது ஆயிற்று.

"முன்னேற்றம் தெரியுது" என்றார் லேப் அம்மா. கிண்டலா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு சோதனை செய்தாள். பரிசோதனை முடிவுகளின் வி.எம்மை மட்டும் பழைய ஹோஸ்டுக்குத் திருப்பி அனுப்பினாள். முடிவு மூன்று விநாடியில் திறந்தது. மறுபடி புதியதுக்குக் கொண்டுவந்தாள். நாற்பது. மறுபடி பழையது. மூன்று. ஆக, கோளாறு குடித்தனக்காரர்களிடம் இல்லை. வீட்டில் இருந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய, எட்டு வருடம் இளைய, பச்சை விளக்கு எரிகிற வீட்டில்.

"எல்லாத்தையும் பழையதுக்கே மாத்திடறேன் சார். வண்டிய இன்னொரு நாள் வரச் சொல்லுங்க."

"வண்டி கிளம்பியாச்சு. அங்க அவங்க இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நாலு மணி மேடம். நாலுன்னா நாலு."

வண்டி போய்விட்டால் திரும்பிப் போக வீடு கிடையாது. மணி பன்னிரண்டு.

அக்கா கையேட்டை எடுத்தாள். முப்பத்தொரு பக்கம், நாற்பத்து நான்கு படிகள்.* புதிய ஹோஸ்டுகளைப் பொருத்தியவர் அதைப் பார்த்துத்தான் பொருத்தியிருந்தார். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி. நாற்பத்து நான்கு குறிகள். அக்கா ஒன்றிலிருந்து தொடங்கினாள். நாற்பத்து நான்குவரை போனாள். எல்லாம் சரியாகச் செய்யப்பட்டிருந்தன. மறுபடி ஒன்றுக்கு வந்தாள்.

\* அக்கா எழுதியபோது கையேடு தொண்ணூறு பக்கம். முப்பத்தொன்றாகச் சுருக்கியவன் நான். பிறர் எழுதியதை வெட்டிச் செப்பனிடுவது என் பிழைப்பு. ஒரு பதிப்பகத்தில் இருபது வருடமாகச் செய்கிறேன். இந்த அடிக்குறிப்பு இங்கே வேண்டுமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஒருமுறை எடுத்தேன். பிறகு வைத்தேன்.

5

ஹோஸ்டுகளைப் பொருத்தியவரை எல்லாரும் 'கேபிள்' என்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். நான் அவரைப் பார்த்ததில்லை. முதல் வரைவில் அவருக்கு ஒரு நரைத்த மீசையும் விடாத இருமலும் கொடுத்திருந்தேன். வாசகரின் இரக்கத்துக்கு இருமல் போதும் என்பது தொழில் ரகசியம். மனது உறுத்தியது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"கேபிளுக்கு மீசை உண்டா?"

"எதுக்குடா?"

"சும்மா. இருமுவாரா?"

"மீசையும் கெடையாது, இருமலும் கெடையாது. நல்லா கல்லு மாதிரி இருக்காரு. எப்பவும் ஒரு பாட்டை முணுமுணுப்பாரு. முழுப் பாட்டு இல்ல, ஒரே வரி. அடுத்த வரிக்குப் போகவே மாட்டாரு. உனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"சும்மாக்கா."

ஆக, மீசை இல்லாத, இருமாத, ஒரே வரியை முணுமுணுக்கிற கேபிள், பிற்பகல் இரண்டரைக்கு அக்காவோடு சர்வர் அறையில் நின்றார். அக்கா மூன்றாம் முறையாகக் கையேட்டின் பன்னிரண்டாவது படியில் இருந்தாள். கேபிள் முணுமுணுப்பதை நிறுத்தினார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு சொல்லலாமா?"

"ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்."

"அது இல்ல மேடம். பழசு கத்து கத்துன்னு கத்துது. புதுசு மூச்சே விட மாட்டேங்குது."

"புதுசுன்னா சத்தம் கம்மியாத்தாங்க இருக்கும்."

"சரிதான். ஆனா வெளிய இத்தன பேரு நின்னுக்கிட்டு இருக்காங்க. இது பாட்டுக்கு சிவனேன்னு இருக்கு. வேலை பாக்கற மாதிரி தெரியலையே."

அக்கா கையேட்டை மூடினாள். பழைய ஹோஸ்டின் பின்பக்கம் கையை வைத்தாள். தலைமுடி உலர்த்தும் கருவிபோலக் காற்று சுட்டது. புதியதன் பின்பக்கம் கை வைத்தாள். நன்றாகத் தூங்கி எழுந்தவரின் நெற்றி அளவுக்கு வெதுவெதுப்பு.

"அடச்சே" என்றாள்.

மின் சிக்கனம். புதிய ஹோஸ்டுகள் ஆலையிலிருந்து அப்படித்தான் வரும். மின்சாரம் வீணாகாமல் இருக்க, ஓடவேண்டிய நேரத்திலும் நடந்துகொண்டே இருக்கும். கோளாறு இல்லாததால் பச்சை விளக்கு எரியும். சொன்னபடி சிக்கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டின் அடித்தள அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் பழைய மூன்றிலும் அக்கா தன் கையாலேயே அணைத்திருந்தாள். நடுவில் புதிய ஹோஸ்ட் எதுவும் வாங்கவில்லை. அந்த வேலையே மறுபடி வரவில்லை.

ஒரு வீட்டைக் காலி செய்து, அணைத்து எழுப்பி, அமைப்பை மாற்றி, குடித்தனங்களைத் திரும்பக் கொண்டுவந்து, அடுத்த வீடு. காலி செய்தவர்களை அதுவரை பழைய வீடுகளில் இறக்கிவைத்தாள். நான்கு மணிக்கு வண்டி வந்தபோது ஒரு ஹோஸ்ட் மிச்சம் இருந்தது. வண்டிக்காரர் தள்ளுவண்டியோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தலாமா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் கேபிள். "உள்ள ஆளுங்க குடியிருக்காங்க. எறங்கட்டும்."

(குடித்தனம்! கேபிள் என் கட்சி. இதை அக்கா சொன்னபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.)

வண்டிக்காரர் இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு கதவோரம் உட்கார்ந்துவிட்டார். நான்கு இருபத்தைந்துக்குக் கடைசி வி.எம். புதிய வீட்டுக்குப் போனது. புதிய ஹோஸ்டுகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. அக்கா லேப் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இப்ப எத்தன செகண்டு ஆகுது?"

"எண்ணலையேம்மா" என்றார் லேப் அம்மா.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கச்சிதமான முடிவு. ஒரு சொல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். இதை வேறொருவர் எழுதி என் மேசைக்கு வந்திருந்தால் இதற்குக் கீழே உள்ள அனைத்தையும் வெட்டியிருப்பேன்.

6

மேலாளரின் அறையில் ஒரு படிவம் இருந்தது. எது நடந்தாலும் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: 'நிறுவியவரின் கவனக்குறைவு', 'வழிகாட்டியில் குறைபாடு'.

"மின் சிக்கனத்தை கேபிள் ஏன் அணைக்கலை?" என்றார் மேலாளர்.

"கையேட்டுல இருக்கே சார். படி எழுதியிருக்கேன்."

"அப்ப அவரு அதை விட்டுட்டாரு."

"இல்ல சார், எல்லாத்துக்கும் குறி போட்டிருக்காரு. இருங்க." அக்கா பக்கத்தைப் புரட்டினாள். பதினாறாவது படி: மின் சிக்கனத்தை அணைக்கவும். அது வி.எம்முக்குள்ளே செய்யவேண்டியது. வி.எம்முக்குள்ளும் அதே பெயரில் ஒரு சிக்கனம் உண்டு. அங்கே அணைக்கப்பட்டிருந்தது. அவள் தேடியது அடுத்தது, ஹோஸ்டில் அணைப்பது. பதினேழாவது படி: கடவுச்சொல்லை மாற்றவும்.

முன்னால் புரட்டினாள். பின்னால் புரட்டினாள்.

"நான் எழுதினேன் சார்."

"எழுதியிருந்தா இருக்கணுமே மேடம். எழுத்து எங்க போகும்?"

கேபிள் கதவருகே நின்றிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று இந்த மாதம்தான் முடிவுசெய்யப்போகிறார்கள். அந்த ஒரு வரிப் பாட்டும் அவர் வாயில் இல்லை.

அக்கா இரண்டாவது கட்டத்தைக் காட்டினாள்.

"அப்ப நீங்க எழுத மறந்துட்டீங்கன்னு போட்டுடலாமா? புதன்கிழமை கூட்டத்துல வச்சு ஒரு கையெழுத்து. சும்மா, முறைக்குத்தான்."

"போடுங்க சார்."

தாழ்வாரத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த வரிய எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா. பக்கத்து வீட்டுல சுவத்துல ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. தலைவலி. அந்த இரைச்சல்ல, 'இதுவும் அதுவும் வேற'ன்னு எழுதினேன். ஒருத்தரும் குழப்பிக்கக் கூடாதுன்னு. சத்தம்கூட ஞாபகம் இருக்கு."

"சரிக்கா."

"என்ன சரி? தாள்ல இல்லையே. அம்மாவும் இப்படித்தானே சொல்வாங்க. ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்குன்னு."

"தூக்கம் பத்தாதுக்கா. நல்லா தூங்கு, சரியாயிடும்."

"நரம்பு டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிட்டேன். நம்ம சிஸ்டத்துலயே போட்டேன். ரெண்டு செகண்டுல பதிவாயிடுச்சுடா." சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

7

[அடித்தது: அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.]

தெரியவில்லை. ஆனால் 'இதுவும் அதுவும் வேறு' என்ற சொற்களை எங்கோ பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு முகம் சுளித்திருந்தேன். அந்தச் சுளிப்பு மட்டும் நினைவில் இருந்தது. திங்கட்கிழமை இரவு முழுவதும் அதைத் தொடாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பழைய கோப்பைத் திறந்தேன். தொண்ணூறு பக்கம், மேலே என் சிவப்புக் கோடுகள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பதினாறாவது படி. 'வி.எம்மின் அமைப்புகளுக்குள் சென்று மின் சிக்கனத்தை அணைக்கவும்.' முதல் நான்கு சொற்களை... இல்லை, மூன்று சொற்களை வெட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே பதினேழாவது படி. அது மூன்று வாக்கியம். மூன்றின் மீதும் ஒரே கோடு. அளவுகோல் வைத்ததுபோல நேராக இருக்கிறது. ஓரத்தில் என் குறிப்பு:

கூறியது கூறல்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது தெரியும். எழுத்துக்குப் பத்துக் குற்றங்கள் உண்டு. சொன்னதையே திரும்பச் சொல்வது மூன்றாவது. பத்தையும் நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அடுத்தடுத்து இரண்டு வரிகள் 'மின் சிக்கனத்தை அணைக்கவும்' என்று முடிந்தன. என் கண்ணுக்கு அது போதும். ஹோஸ்ட் வேறு, வி.எம். வேறு என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அவளே வாய்விட்டு 'இதுவும் அதுவும் வேறு' என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு, அக்காவுக்கு எழுத வராது என்று நினைத்தேன்.

அந்தப் பத்தில் முதல் குற்றம் குன்றக் கூறல். சொல்லவேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது. மூன்றாவதைத் திருத்தப்போய் முதலாவதைச் செய்திருக்கிறேன். இந்த முறை அடித்தவற்றை விட்டுவைப்பது அதனால்தான்.

சுருக்கிய கையேட்டை அவளிடம் கொடுத்தபோது, "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, படிக்காமல் அச்சுக்கு அனுப்பினாள். தொண்ணூறு முப்பத்தொன்று ஆனதை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொல்ல ஒரு அழைப்பு போதும். அரை நிமிடம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்த அரை நிமிடத்தைப் பேசாமல் ஏழு பகுதி எழுதியிருக்கிறேன். மீசையைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டேன். துப்பறிவதைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் அவள் "எதுக்குடா?" என்றாள். இரண்டு முறையும் "சும்மா" என்றேன். கூறியது கூறல்.

8

முடிவு ஒன்று: அவளைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள். "இதுக்கா இவ்வளவு யோசிச்சே?" என்கிறாள்.

அவள் சிரிக்க மாட்டாள். எனக்கு வசதியான முடிவு இது. அடிக்கிறேன்.

முடிவு இரண்டு: கூட்டத்துக்கு நானே நேரில் போய், மேலாளரின் மேசைமீது கோப்பை வைத்து, "எழுத்து எங்கே போகும் என்று கேட்டீர்களே—"

வாசலில் காவலாளி என்னை நிறுத்துவார். ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்பார்.

முடிவு மூன்று: நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு அவள் கையெழுத்துப் போடுகிறாள். வியாழக்கிழமை மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிடம் வேறு பேசிவிட்டு, அவற்றைத் திரும்பக் கேட்கிறார். ஐந்தையும் சொல்கிறாள். "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்கிறார் மருத்துவர். கேபிளின் ஒப்பந்தம் நீள்கிறது. கையேட்டில் புதிய வரி சேர்கிறது. யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

இது நன்றாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை வரை இதுதான் முடிவாக இருந்தது. அதை எடுக்கவைத்தவர் லேப் அம்மா. வேகமாக இருந்தால் எதற்கு எண்ணப்போகிறோம் என்றாரே, அவர். அக்கா எண்ணத் தொடங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை சாவியை எங்கே வைத்தோம் என்று இரண்டு நிமிடம் தேடினாளாம். "ரெண்டு நிமிஷம்டா" என்றாள், மணி பார்த்தவளைப் போல. இதற்கு முன் சாவி தேடிய நேரத்தை அவள் என்னிடம் சொன்னதில்லை. எந்த மருத்துவர் என்ன சொன்னாலும் இனி ஒவ்வொரு சாவிக்கும் எண்ணுவாள்.

இதுவரை உங்களைப் பார்த்து 'நீங்கள்' என்று எழுதிவந்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் ஒரே ஒரு ஆள். பேருந்தில் உட்கார்ந்து, போனில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பாள். பிடித்திருந்தால் "ம்" என்று ஒரு எழுத்து அனுப்புவாள். பிடிக்காவிட்டால் "புரியல".

இப்போது புதன்கிழமை காலை எட்டே முக்கால். நீ பேருந்தில் ஏறியிருப்பாய்.

அக்கா, நீ மறக்கவில்லை. எழுதியிருந்தாய். பக்கம் முப்பத்தெட்டை இத்துடன் அனுப்புகிறேன். கறுப்பு உன்னுடையது, சிவப்பு என்னுடையது. ஓரத்தில் இருப்பது என் கையெழுத்து. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்ட சத்தத்துக்கு மட்டும் என்னிடம் சாட்சி இல்லை. அதை நீ சொல்வதே போதும்.

பத்து மணிக்கு அந்தக் கூட்டத்தில் என்ன சொல்வாய் என்று நான் எழுதப்போவதில்லை. படிவத்தில் எனக்குக் கட்டம் கிடையாது. வேண்டுமானால் மூன்றாவதாக ஒன்று வரைந்து என் பெயரைப் போடு. வேண்டாம் என்றால் விடு. வியாழக்கிழமை மருத்துவரிடம் போவதும் போகாததும் உன் விருப்பம். என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்கலாம் என்பதும். இந்த முடிவில் எந்த வரியை நான் எழுதினாலும், மறுபடி உன் வரி ஒன்றை வெட்டியதாகத்தான் ஆகும்.

ஒன்றே ஒன்றை மட்டும் அது இருந்த இடத்தில் வைத்துவிடுகிறேன். ஒரு சொல்லையும் தொடவில்லை.

17. ஹோஸ்டின் அமைப்புகளுக்குள் சென்று மின் சிக்கனத்தை அணைக்கவும். இதுவும் அதுவும் வேறு. இரண்டையும் செய்ய வேண்டும்.